டெவஸ்டேட்டிங் என்றால் மூன்றாம் நம்பர்

நாளிதழ் அலுவலகத்தில் இரவு பதினொன்றரைக்கு போன் அடித்தால் எங்கோ ஏதோ கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று பேசியவர் ஒரு சிறு நகரத்து நிருபர். ஆங்கிலம் கலந்து சொன்னால்தான் செய்தி பெரிதாக வரும் என்று நம்புகிறவர். "சார், பழைய மார்க்கெட் இருந்துச்சில்ல, அந்த பில்டிங்கை முனிசிபாலிட்டி ரேஸ் பண்ணிட்டாங்க சார். சாயங்காலம் நாலு மணிக்கு முடிஞ்சிடுச்சு. மூணு பாரா போதும்" என்றார். லைனில் ஒரே கரகரப்பு. இந்தப் பக்கம் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதியவர்தான் இந்தக் கட்டுரைக்கும் சொந்தக்காரர். இனி வசதிக்காக அவரைக் கட்டுரைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

கட்டுரைக்காரருக்கு அப்போது வயது இருபத்தாறு, ஆங்கில அறிவில் அசாத்திய நம்பிக்கை. ரேஸ் என்றால் எழுப்புவது, உயர்த்துவது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதுபோல் சட்டென்று எழுதிவிட்டார். மறுநாள் ஐந்தாம் பக்கத்தில், 'நகராட்சி சார்பில் மார்க்கெட் கட்டடம் எழுப்பப்பட்டது' என்று இரண்டு காலத்தில் தலைப்பு வந்தது.

காலை ஒன்பது மணிக்கே வினை ஆரம்பித்தது. காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கி, கோர்ட்டுக்குப் போய்த் தோற்று, கடை இடிபடுவதைக் கண்ணாலும் பார்த்துவிட்டு வந்த வெங்காய வியாபாரி ஒருவர் போன் செய்தார். "ஐயா, புதுக் கட்டடத்துல எனக்கு எத்தனாம் நம்பர் கடைன்னு போட்டிருக்கா?" அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை. நகராட்சித் தரப்பில் பேசியவர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். "இப்பதான் மொத தடவையா எங்களைப் பத்தி நல்லபடியா எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு திருத்தம் கிருத்தம் போட்டுடாதீங்க."

போட்டார்கள். நாலு வரி, ராசிபலனுக்குக் கீழே.

ஆங்கிலத்தில் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு 'ரேஸ்' இருப்பதும், ஒன்று கட்டடத்தை மேலே கொண்டுபோகும், மற்றது தரைக்குக் கொண்டுவரும் என்பதும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இடிக்கிற ரேசுக்கு மூலம் லத்தீனில் சுரண்டுவது, வழிப்பது. முகம் மழிக்கிற ரேசரும் அதே குடும்பம், சிலேட்டில் எழுதியதை அழிக்கிற இரேசரும் அதே குடும்பம். ஆக, ஊரை ரேஸ் செய்தார்கள் என்றால் ஊருக்கு மொட்டையடித்தார்கள் என்று அர்த்தம். தமிழில் மொட்டையடிப்பது என்றால் சொத்தைச் சுருட்டுவது என்றும் பொருள் இருப்பதால், நகராட்சி விஷயத்தில் இந்த மொழிபெயர்ப்பு இன்னும் கொஞ்சம் பொருந்தியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மூர் மார்க்கெட் பக்கம் போய் ஒரே பொருள் தரும் சொற்களை அடுக்கிவைத்திருக்கும் பழைய தெசாரஸ் ஒன்றை வாங்கினார். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. இதற்கு நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும் சொல் 'கட்டட்'. குடிசை எரிந்தாலும் கட்டட், குடோன் எரிந்தாலும் கட்டட். மீனைக் கழுவும்போது வயிற்றைக் கீறிக் குடலை உருவிப் போடுகிறோமே, அதுதான் அந்தச் சொல்லின் பிறப்பிடம். வெளியே சுவர் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இங்கிலாந்தில் தன் அணி தோற்ற கால்பந்து ரசிகரும் தன்னை 'கட்டட்' என்றே சொல்லிக்கொள்வார். வஞ்சிர மீனுக்கும் மூர் மார்க்கெட்டுக்கும் கால்பந்து ரசிகருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டது அந்த மொழி.

வாங்கிய தெசாரஸ் பீட்டர் மார்க் ரோஜே என்ற டாக்டரின் வம்சம். 1852இல் முதல் பதிப்பு வந்தபோது அவருக்கு வயது 73. உலகத்தில் உள்ள எண்ணங்களையெல்லாம் ஆயிரம் தலைப்புகளுக்குள் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருந்தார். 161 ஆக்கம். 162 அழிவு. நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடமில்லை. மார்க்கெட் கட்டடத்தை எழுப்பிய கட்டுரைக்காரருக்கு இதைப் பார்த்ததும் பெரிய ஆறுதல். தான் தவறியது ஒரே ஒரு நம்பரில்தான்.

அந்த 162ஆம் எண்ணைத் திறந்தால் சந்தைக்கடை. டெஸ்ட்ராய், டெமாலிஷ், டெவஸ்டேட், ரேவேஜ், ஆனிஹிலேட், ஆப்லிட்டரேட் என்று பந்திக்கு வந்தவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே இலை, ஒரே சாம்பார் என்று தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். ஆப்லிட்டரேட் எழுத்துக்காரர், எழுத்தை அழிப்பதுதான் அவர் பூர்வீகத் தொழில். லிட்டரேச்சரும் அவரும் பங்காளிகள். ஆனிஹிலேட் செய்தால் மிஞ்சுவது சூன்யம், லத்தீனில் 'நிஹில்'. டெவஸ்டேட்டுக்குள் இருப்பது வெறுமை. பரந்துகிடப்பதைச் சொல்லும் 'வாஸ்ட்' என்ற சொல்லுக்கும் அதே வேர். டிசாஸ்டரைப் பிரித்தால் உள்ளே ஒரு கெட்ட நட்சத்திரம் கிடைக்கும். ஏழரைச் சனி என்று நாம் சொல்வதை அவர்கள் ஜோசியரைக் கேட்காமலேயே அகராதிக்குள் வைத்திருக்கிறார்கள். கட்டாஸ்ட்ரஃபி கிரேக்கத்துக் கவிழ்ப்பு. நாடகத்தின் கடைசியில் கதை குப்புற விழும் இடத்துக்கு வைத்த பெயர்.

வரலாறு தெரிந்தவுடன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் செய்திப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. அடுத்தடுத்த இரண்டு பாராவில் ஒரே சொல் வரக்கூடாது. முதல் பாராவில் 'பலத்த சேதம்' என்றால் இரண்டாவதில் 'பேரழிவு', மூன்றாவதில் 'சின்னாபின்னம்'. தலைமை உதவி ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து அனுப்புவார். "தம்பி, ஒரே சாதத்தையே மூணு வேளையும் போடுறீங்களே, கொஞ்சம் மாத்திப் போடுங்க." இங்கிலாந்தின் ஃபௌலர் சகோதரர்கள் 1906இலேயே இந்த வியாதிக்கு 'எலிகன்ட் வேரியேஷன்' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். நம் ஆசிரியர் அவர்களைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் சுழித்திருப்பார்.

இந்தச் சட்டத்தால் ஒருநாள் கட்டுரைக்காரர் ஒரு புயலுக்கு பதவி உயர்வு கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவை நோக்கிப் போன புயல் அது. ஏஜென்சி செய்தியில் 'டெவஸ்டேட்டிங்' இரண்டு தடவை வந்தது. இரண்டாவது இடத்தில், ஆங்கில வலைப்பக்கத்துக்கான குறிப்பில், தெசாரசைப் பார்த்து 'கட்டாஸ்ட்ரஃபிக்' என்று மாற்றினார். பக்கத்து மேசையில் வானிலைச் செய்தி பார்க்கும் நண்பர் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த டீ மேசையில் கொட்டியது. "என்னங்க இது, காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள மூணாம் நம்பரை நாலாம் நம்பர் ஆக்கிட்டீங்க?"

விஷயம் இதுதான். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் புயல்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கிறது. சேதத்தை வர்ணிக்கும் சொல்லையும் தரத்தோடு சேர்த்தே அச்சிட்டு வைத்திருக்கிறது. முதல் தரத்துக்கு 'கொஞ்சம்' சேதம். இரண்டாவதற்கு 'எக்ஸ்டென்சிவ்', அதாவது பரவலான சேதம். மணிக்கு 178 கிலோமீட்டர் காற்றில் மூன்றாம் தரம் தொடங்குகிறது; அங்கேதான் 'டெவஸ்டேட்டிங்' வேலைக்குச் சேர்கிறது. 209ஐத் தொட்டால் நான்காம் தரம், 'கட்டாஸ்ட்ரஃபிக்'. தெசாரஸ் ஒரே பந்தியில் உட்காரவைத்த இரண்டு சொற்களுக்கு நடுவில், கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குக் காற்று அடிக்கிறது.

சரி, 252 கிலோமீட்டரைத் தாண்டிய ஐந்தாம் தரத்துக்கு என்ன சொல்? அதற்கும் 'கட்டாஸ்ட்ரஃபிக்'தான். ஷேக்ஸ்பியரைப் பெற்ற மொழி, கடைசிப் படிக்கு ஒரு சொல் தர முடியாமல் பழையதையே துவைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறது. கட்டுரைக்காரருக்கு இதில் ஒரு குரூர சந்தோஷம். தலைமை உதவி ஆசிரியர் அங்கே இருந்திருந்தால் ஐந்தாம் தரத்தைச் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

சூறாவளிக்காரர்களாவது சொல் தீர்ந்ததும் அடக்கமாக நின்றுவிட்டார்கள். டொர்னாடோக்காரர்கள் அப்படியில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டெட்சுயா ஃபுஜிதா 1971இல் சுழற்காற்றுக்கு ஓர் அளவுகோல் போட்டார். லைட், மாடரேட் என்று சாதுவாகத் தொடங்கும். மூன்றில் சிவியர். நான்கில் நம் பழைய நண்பர் டெவஸ்டேட்டிங். ஐந்தில்? 'இன்கிரெடிபிள்'. நம்பமுடியாதது! சேதத்தை அளந்து சொல்லவேண்டிய விஞ்ஞானி, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு "அடேங்கப்பா" என்று சொல்வதுபோல் இருக்கிறது. அதற்கும் மேலே ஆறாம் எண் என்று ஒன்றைத் தாளில் எழுதி, அதற்கு 'இன்கன்சீவபிள்', கற்பனைக்கே எட்டாதது என்று பெயர் வைத்தார். அந்தப் படிக்கு இதுவரை எந்தக் காற்றும் ஏறவில்லை.

ஆனால் ஃபுஜிதாவை இதற்காகக் கிண்டல் செய்ய முடியவில்லை. 1945 ஆகஸ்ட் 9 அன்று அவர் ஜப்பானின் கோகுரா நகரத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் ஆசிரியர். அணுகுண்டு விமானம் முதலில் தேடி வந்தது கோகுராவைத்தான். கீழே குறி தெரியாதபடி மூட்டமாக இருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு அவர் குண்டு விழுந்த இரண்டு நகரங்களுக்கும் போய், மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, எது எப்படி எரிந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்தக் கண்ணோடு அமெரிக்காவின் சோளக்காடுகளுக்கு வந்தவர் 'நம்பமுடியாதது' என்று எழுதினால், அதைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்க முடியாது.

எரிமலைக்காரர்களின் பட்டியல் வேறு ரகம். பூஜ்யத்திலிருந்து எட்டு வரை. மூன்றில் சிவியர், நான்கில் கட்டாக்ளிஸ்மிக். ஆறில் கொலோசல், 1991இல் பிலிப்பைன்சின் பினடூபோ அந்தக் கணக்கு. ஏழில் சூப்பர் கொலோசல், 1815இல் தம்போரா. எட்டில் மெகா கொலோசல், சுமத்ராவில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த தோபா. சூப்பர், மெகா என்று இவர்கள் ஏறுகிற ஏணியைப் பார்த்தால் தி.நகர் ஆடித் தள்ளுபடி பேனர் எழுதுகிற ஆள்தான் நினைவுக்கு வருகிறார்.

விண்கல்லுக்கும் ஒரு கோல் உண்டு. டொரினோ அளவு என்று பெயர், 1999இல் இத்தாலியின் தூரின் நகரத்து மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். எட்டாம் எண்ணில் ஓரிடத்துக்கு டிஸ்ட்ரக்‌ஷன், ஒன்பதில் ஒரு வட்டாரத்துக்கே டெவஸ்டேஷன், பத்தில் உலகத்துக்கே கட்டாஸ்ட்ரஃபி. சூறாவளிக்காரர்களும் விண்கல்காரர்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை, வரிசை மட்டும் ஒத்துப்போகிறது. இதுவரை அதில் அதிகபட்சமாக நான்காம் எண் வரை ஏறிய கல், அபோஃபிஸ். 2004 டிசம்பரில் அந்த மதிப்பெண் கிடைத்தது. பிறகு கணக்கைத் திருத்திக் கீழே இறக்கினார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் பத்திரமாகக் கடந்து போகும். அன்று வெள்ளிக்கிழமை. ராகுகாலம் எப்போது என்று பார்த்து வைப்பவர்கள் பார்த்து வைக்கலாம்.

நம் ஊர்ப் பட்டியலும் லேசுப்பட்டதல்ல. புயல், தீவிர புயல், அதிதீவிர புயல், அதி உச்ச தீவிர புயல் என்று வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் படிப்படியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும். காற்று மணிக்கு 222 கிலோமீட்டரைத் தொட்டதும் தமிழ் கையை விரித்துவிடும். அங்கே 'சூப்பர் புயல்'. 1999இல் ஒடிசாவைப் புரட்டிப்போட்டது அந்த வகைதான். டிகாஷன் இறங்கிய காபிக்கு நாம் சொல்கிற அதே சூப்பர்.

இந்தப் படிக்கட்டுகளையெல்லாம் மனப்பாடம் செய்தபின் கட்டுரைக்காரருக்குச் சராசரி மனிதர்களோடு பேசுவது சிரமமாகிவிட்டது. ஒருநாள் அக்கா மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. "மாமா, ஐ ஆம் டோட்டலி டெவஸ்டேட்டட்." பதறிப்போய் விசாரித்தால், ஏதோ பாட்டுக் கச்சேரிக்கு ஆன்லைனில் டிக்கெட் தீர்ந்துவிட்டதாம்.

"காத்து எவ்வளவு வேகம்மா?" என்றார் இவர்.

"என்ன மாமா?"

"178 கிலோமீட்டருக்குக் கம்மின்னா டெவஸ்டேட்டட் சொல்லக்கூடாது. நீ இப்ப 'எக்ஸ்டென்சிவ்'லதான் இருக்க."

போன் அவள் அம்மாவிடம் கைமாறியது. அதன் பிறகு நடந்ததற்கு எந்த அளவுகோலிலும் எண் இல்லை.

அக்காவைச் சொல்லவும் வழியில்லை. அடுப்பில் பால் பொங்கினால் "நாசமாப் போச்சு" என்பதும், பேரன் பொம்மையை இறைத்துப் போட்டால் "வீட்டையே துவம்சம் பண்ணிட்டான்" என்பதும் அவளுடைய அன்றாடத் தமிழ். துவம்சம் என்ற சொல் புராணத்தில் அசுரர்களுக்காக வைத்திருந்தது. நிர்மூலம் என்றால் வேரே இல்லாமல் போவது. தவிடுபொடி மட்டும்தான் கொஞ்சம் வீட்டுச் சொல். அரிசி புடைத்த முறத்திலிருந்து நேரே போர்க்களத்துக்குப் போயிருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் விரயத்துக்கு இரையானவர்களில் கட்டுரைக்காரர் அதிகம் பரிதாபப்படுவது 'டெசிமேட்' மீதுதான். ரோமானியப் படையில் அது ஒரு தண்டனை. பயந்து ஓடிய படைப்பிரிவைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சீட்டு விழுந்தவரை மற்ற ஒன்பது பேரும் தடியால் அடித்தே கொல்லவேண்டும். அந்த ஒன்பது பேருக்கும் அதன் பிறகு கோதுமைக்குப் பதில் பார்லிதான் ரேஷன். வழக்கொழிந்து கிடந்த இதை ஸ்பார்டகஸ் கலகத்தின்போது, கி.மு. 71 வாக்கில், கிராசஸ் தூசி தட்டி எடுத்தார். முதலில் ஓடிய 500 பேரை ஐம்பது குழுவாக்கி, ஐம்பது பேரைக் கொன்றதாக புளூடார்க் எழுதியிருக்கிறார். ஆக, பத்தில் ஒன்று. துல்லியமான கணக்கு. இன்றைக்கோ பத்தில் ஒன்பது போனாலும் டெசிமேட், பத்தும் போனாலும் டெசிமேட். சொல்லின் அர்த்தம் மாறுவது சகஜம், அதற்காகப் பேனாவைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவது வீண் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் கிரிக்கெட் செய்தியில் அதைப் பார்க்கும்போது கட்டுரைக்காரருக்குக் கை ஊறும். ஏனென்றால் உலகத்திலேயே அந்தச் சொல்லை அதன் பழைய அர்த்தத்தில் பயன்படுத்தத் தோதான ஒரே இடம் கிரிக்கெட்தான். ஓர் அணிக்குப் பத்து விக்கெட். ஒரு விக்கெட் விழுந்தால் அணி டெசிமேட் ஆகிவிட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று கொழும்பில், ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சிராஜ் 21 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுக்க, இலங்கை 15.2 ஓவரில் 50 ரன்னுக்குச் சுருண்டதே, அது அடுத்தடுத்துப் பத்து டெசிமேஷன். இப்படி ஒரு தலைப்பு எழுதி அனுப்பினார். தலைமை உதவி ஆசிரியர் அதை வெட்டிவிட்டு 'சுருட்டினார் சிராஜ்' என்று போட்டார். அதுதான் நன்றாகவும் இருந்தது.

'ஹேவக்' கதை இன்னும் மோசம். மத்தியகால இங்கிலாந்துப் படையில் அது வெறும் கூக்குரல். தலைவன் ஒரு தடவை கத்தினால் போதும், வீரர்கள் சண்டையை விட்டுவிட்டுக் கொள்ளையில் இறங்கலாம். அனுமதியில்லாமல் எவனாவது கத்தினால் தலை போகும் என்று இரண்டாம் ரிச்சர்ட் 1385இல் படைக்கு உத்தரவு போட்டிருந்தார். தலையை எடுக்கிற சொல்லாக இருந்தது, இன்று சென்னையில் அரை மணி நேர மழைக்கே செய்தியில் வந்துவிடுகிறது. அதிலும் அதற்கு முன்னால் வரவேண்டிய வினைச்சொல் 'ரீக்'. நம் நிருபர்கள் பத்தில் ஆறு பேர் 'ரெக்' என்று எழுதுவார்கள். ஹேவக்கை ரெக் செய்தால் நாசத்தை நாசம் செய்ததாக ஆகும். அதாவது எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். நல்ல செய்திதான்.

மதுவுக்கு வருவோம். இங்கிலாந்துக்காரர்கள் போர்க்களத்துச் சொற்களில் பாதியைச் சாராயக் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகக் குடித்தவன் அங்கே ஹேமர்டு, ஸ்மாஷ்டு, ரெக்டு, வேஸ்டட், பாம்ப்டு; இன்னும் ரெண்டு ரவுண்டு உள்ளே போனால் ஆனிஹிலேட்டட். ஒரு தனி மனிதன் நாற்காலியிலிருந்து நழுவுவதற்கு இத்தனை வெடிமருந்தா? தமிழன் 'மட்டையாயிட்டான்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறான்.

ஆங்கிலத்தின் அழிவுக் கிடங்குக்கு நாமும் சரக்கு அனுப்பியிருக்கிறோம். கொள்ளையைச் சொல்லும் 'லூட்' இந்தியிலிருந்து போனது. எதிரே வந்ததையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகிற 'ஜக்கர்நாட்', பூரி ஜெகந்நாதரின் தேர். பக்தர்கள் சக்கரத்தடியில் விழுந்து மாய்கிறார்கள் என்று வெள்ளைக்காரப் பயணிகள் ஊதிப் பெருக்கி எழுதி எழுதி, கடைசியில் இங்கிலாந்து நெடுஞ்சாலையில் போகிற கனரக லாரிக்கு ஜெகந்நாதரின் பெயர் நின்றுவிட்டது. 'சைக்லோன்' பிறந்ததே கல்கத்தாவில். ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்து, சுருண்ட பாம்பை மனதில் வைத்து கிரேக்கத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்து, 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய புத்தகத்தில் பரப்பினார். மாத்லா ஆற்றங்கரையில் கேனிங் துறைமுகம் கட்டப் பேச்சு எழுந்தபோது, வேண்டாம், கடல் ஒருநாள் ஏறிவரும் என்று 1853இல் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார். யாரும் காதில் வாங்கவில்லை. துறைமுகம் கட்டினார்கள். 1867இல் புயல் வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. அதைப் பார்க்க பிடிங்டன் உயிரோடு இல்லை. அவர் வைத்த பெயரை மட்டும் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே பொருள் தரும் சொற்களை உண்மையிலேயே மதிக்கிறவர்கள் இன்சூரன்ஸ்காரர்கள். நம் நாட்டுத் தீ விபத்து பாலிசியை விரித்தால், காற்று மழைக்கான பிரிவில் ஸ்டார்ம், சைக்லோன், டைஃபூன், டெம்பெஸ்ட், ஹரிக்கேன், டொர்னாடோ, ஃப்ளட், இனண்டேஷன் என்று எட்டுப் பெயர் மூச்சுவிடாமல் நிற்கும். இதில் சைக்லோன், டைஃபூன், ஹரிக்கேன் மூன்றும் ஒரே ஆள்தான். இந்தியப் பெருங்கடலில் ஒரு பெயர், பசிபிக்கின் மேற்கே ஒரு பெயர், அட்லாண்டிக்கில் ஒரு பெயர். பண்ருட்டியில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு ஹரிக்கேனால் நஷ்டம் வரவேண்டுமென்றால் அது பாஸ்போர்ட் எடுத்துத்தான் வரவேண்டும். இருந்தாலும் வக்கீல்கள் விடமாட்டார்கள். ஒரு பெயரை விட்டால் அந்தச் சந்துவழியாக வழக்கு நுழைந்துவிடும் என்பது அவர்கள் கவலை.

இத்தனை சொல் மூட்டைக்கு நடுவில் கட்டுரைக்காரர் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற ஆங்கிலச் செய்தி ஒன்று உண்டு. 2005 ஆகஸ்ட் 28 காலையில், கத்ரீனா கரையேறுவதற்கு முந்தைய நாள், நியூ ஆர்லியன்ஸ் வட்டார வானிலை அலுவலகத்தில் ராபர்ட் ரிக்ஸ் என்ற முன்னறிவிப்பாளர் வெளியிட்ட எச்சரிக்கை அது. 'டெவஸ்டேட்டிங்' அதிலும் தலைப்பிலேயே உண்டு. ஆனால் ஆட்களை உலுக்கியது அந்தச் சொல்லல்ல. அந்தப் பகுதியில் பெரும்பாலும் வாரக்கணக்கில் குடியிருக்க முடியாது. நன்றாகக் கட்டிய வீடுகளிலேயே பாதிக்குக் கூரையும் சுவரும் நிற்காது. மின்சாரம் வாரக்கணக்கில் வராது. தண்ணீர் இல்லாமல் மனிதர்கள் படப்போகும் பாடு இந்தக் காலத்தில் நம்ப முடியாததாக இருக்கும். இப்படியே போகிறது. எல்லாம் கூரை, சுவர், தண்ணீர், மின்சாரம். இந்த வாக்கியங்களில் பல, முன்பே யோசித்துத் தயாராக வைத்திருந்தவை. எது மிகை, எதை வெட்டலாம் என்று ரிக்ஸ் வரிவரியாகப் பார்த்திருக்கிறார். வெட்ட ஒரு வரியும் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார். ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு வெளியேறியதால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வழியில்லை.

கட்டுரைக்காரர் நேரில் பார்த்த புயலின் பெயர் 'தானே'. 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. வானிலை மையக் கணக்கில் அதிதீவிரம். இரண்டு நாள் கழித்துப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனார். சட்டைப்பையில் தெசாரசிலிருந்து குறித்த துண்டுச் சீட்டு. வழியெல்லாம் பலா மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு படுத்துக்கிடந்தன. முந்திரித் தோப்பு இருந்த இடத்தில் அந்தப் பக்கத்து ஊர் தெரிந்தது.

ஊர்க் கோயில் வாசலில் கிராம நிர்வாக அலுவலர் ஒரு மேசையைப் போட்டுக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவர் பட்டியலில் குடிசைகளுக்கு இரண்டே சொல். பகுதி சேதம். முழு சேதம். அதற்கேற்ப நிவாரணத் தொகை. ஆங்கிலம் ஐந்தாம் தரம் வரை அலைந்து திண்டாடியதை அவர் ஒரு கோடு கிழித்து இரண்டு கட்டமாக முடித்துவிட்டார்.

வரிசையில் ஒரு மூதாட்டி.

"ஆயா, உன் ஊடு பகுதியா, முழுசா?"

"அப்பிடின்னா என்னாப்பா?"

"கூரை இருக்குதா?"

"கூரை ஏரிக்குப் போயிடுச்சு."

"செவுரு?"

"மூணு செவுரு கீழ கெடக்குது. ஒண்ணு நிக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள், "அதுல முருகன் காலண்டரு மாட்டியிருந்தேன். அதுவும் அப்பிடியேதான் இருக்குது."

அலுவலர் பேனாவைத் தூக்கிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். நிற்கிற சுவரை என்ன செய்வது என்று விதியில் தேடினாரோ என்னவோ. பிறகு நிமிர்ந்து, "காலண்டரு போன வருசத்தோடதுதானே?" என்றார்.

"ஆமாம்பா. நேத்தோட முடிஞ்சிடுச்சு."

"அப்ப முழுசுதான்" என்று எழுதிக்கொண்டு, கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார்.